உடைமையும் ஓட்டமும்

ஒரு பொருளை உடைமையாகக் கொள்ளுதல் என்பது யாது? பிறர் கவர்ந்து செல்லாதவாறு அதனைக் காத்து வைத்தலா? அன்றி, அது எதற்காக ஆக்கப்பட்டதோ அதற்காக அதனைப் பயன்படுத்தலா? சட்டம் முதலாவதை ஏற்றுக்கொண்டு அமைதி அடைந்துவிடும். பதிவுப் புத்தகத்தில் எவருடைய பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். அவர் அப்பொருளைப் பயன்படுத்துகிறாரா இல்லையா என்று சட்டம் வினவுவதில்லை. அறவியல் வினவுகிறது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாக இத்தாலி நாட்டில் ஆக்கப்பட்ட அரிய பந்தயவகை மோட்டார் சைக்கிள்களைக் கொள்வோம். ஒலுவில் கடற்கரையில் நின்று நோக்குவார்க்கு இது தொலைதூரத்துப் பொருளாகத் தோன்றலாம். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில் நாம் காணும் மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவை யப்பானையும் இந்தியாவையும் பிறப்பிடமாகக் கொண்டவை. மீன் பெட்டியையும் நெல் மூட்டையையும் பள்ளிச் சிறாரையும் ஒருங்கே சுமப்பவை. அவை பயன்படுகின்றனவா என்ற ஐயத்துக்கு இடமேயில்லை. ஆதலின் அவற்றை வைத்து இவ்வினாவை எழுப்புதல் இயலாது. பயன்படுத்தாமலே பெறுமதி பெருகும் பொருளிலேதான் உடைமைக்கும் பயனுக்கும் இடையிலான பிளவு தெளிவாகப் புலனாகும். அத்துடன், பெருஞ்செலவில் ஆக்கப்பட்டும் ஆக்கிய நோக்கம் நிறைவேறாது நிற்கும் பொருளொன்று இக்கரையிலேயே உண்டு. அதனை இறுதியில் நோக்குவோம்.

இத்தாலியின் பொலோஞா நகரில் டுக்காட்டி குடும்பத்தார் 1926ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் முதலில் வானொலிக்குரிய உறுப்புக்களையே உற்பத்தி செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், அதன் தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. போர் முடிந்தபோது இத்தாலியப் பொதுமக்களிடம் கார் வாங்கும் வசதி இருக்கவில்லை, சைக்கிளே இருந்தது. அச்சைக்கிளிற் பொருத்தக்கூடிய 48 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள சிறு எஞ்சினொன்றை 1946இல் அந்நிறுவனம் உற்பத்தி செய்யத் தொடங்கியது. குரைப்பது போன்ற அதன் ஒலியை நினைவூட்டுமாறு அதற்குக் 'குச்சோலோ', அதாவது நாய்க்குட்டி, என்று பெயரிட்டனர். இன்று செல்வந்தரின் கூடங்களில் மின்விளக்கின் கீழ் நிற்கும் வண்டிகளின் முன்னோன், வேலைக்குச் செல்ல வழியற்றிருந்த ஏழைத் தொழிலாளியின் தேவையிற் பிறந்தவன் என்பது மறக்கத்தக்கதன்று.

1954இல் பாபியோ தாலியோனி என்னும் பொறியியலாளர் அந்நிறுவனத்திற் சேர்ந்தார். சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது ஓர் உறுப்பு. அதனை மூடுவது சுருள்வில். சுழற்சி மிகும்போது வில் பின்தங்கும். வால்வு உரிய கணத்தில் மூடாது. இக்குறையைப் போக்க, திறப்பதைப் போலவே மூடுவதையும் பொறியமைப்பின் வாயிலாகவே நிகழ்த்தும் முறையைத் தாலியோனி கையாண்டார். அம்முறையை அவர் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பதற்கில்லை. ஆயினும் மோட்டார் சைக்கிளில் அதனை வெற்றியுறச் செய்தவர் அவரே. 1956இல் சுவீடனில் நிகழ்ந்த போட்டியில் அம்முறையில் அமைந்த 125 கன சென்ரிமீற்றர் வண்டி தன் முதல் ஓட்டத்திலேயே வென்றது. 1972 ஏப்ரலில் இமோலா நகரில் நடைபெற்ற 200 மைல் பந்தயத்தில் போல் ஸ்மார்ட், புரூனோ ஸ்பாஜியாரி ஆகிய இருவரும் 750 கன சென்ரிமீற்றர் டுக்காட்டி வண்டிகளில் முதலாம் இரண்டாம் இடங்களைப் பெற்றனர். அவ்வெற்றியின் நினைவாக, அவ்வண்டியை ஒத்த 'சுப்பர் ஸ்போர்ட்' வண்டிகள் 1974இல் ஏறத்தாழ 400 மட்டுமே விற்பனைக்கென ஆக்கப்பட்டன. இன்று சேகரிப்போர் பெரிதும் விரும்பித் தேடுபவற்றுள் அவை முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றன. பிரெகான்சே ஊரின் லவெர்டா, ரிமினி நகரின் பிமோட்டா ஆகிய நிறுவனங்கள் சிறு தொகையாக ஆக்கிய பந்தயவகை வண்டிகளின் கதையும் இதனைப் போன்றதே.

தமிழில் 'அருமை' என்ற சொல் இரு பொருளை ஒருங்கே தரும். எளிதிற் கிடையாமை ஒன்று, மேன்மை மற்றொன்று. ஒரே சொல் இரண்டையும் சுட்டுவதால், கிடையாத பொருளெல்லாம் மேன்மையுடையது என்ற மயக்கம் நம்முள் எளிதிற் புகுந்துவிடுகிறது. இம்மயக்கத்தை நம் நாட்டின் அண்மைக்கால அனுபவமே தெளிவிக்கும். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025இன் தொடக்கத்திலேயே நீங்கியது. இடைப்பட்ட காலத்தில், பல்லாண்டு ஓடித் தேய்ந்த சாதாரண மோட்டார் சைக்கிள்கள்கூட, புதிதாக வாங்கிய விலையினும் கூடிய விலைக்குக் கைமாறின. அவற்றின் எஞ்சினில் எந்த மேன்மையும் புதிதாகச் சேர்ந்துவிடவில்லை. கிடையாமை சேர்ந்தது, விலை ஏறியது. மறுபுறம், 1958இல் தோன்றிய ஹொண்டா நிறுவனத்தின் 'சுப்பர் கப்' வண்டி 2017ஆம் ஆண்டளவில் பத்துக் கோடி எண்ணிக்கையை எட்டியது. உலகில் அதனினும் மலிந்த மோட்டார் வாகனம் இல்லை. ஆயினும் அதன் பொறியமைப்பின் மேன்மையை எவரும் மறுப்பதில்லை. எனவே கிடையாமை வேறு, மேன்மை வேறு. பொருளியலார் கூறும் பரிமாற்றப் பெறுமதி முதலாவதைப் பற்றி நிற்பது. பயன்பெறுமதி இரண்டாவதைப் பற்றி நிற்பது.

இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால், அரிய வண்டியை உடையவருள் இருவகையினரைக் காணலாம். எண்ணிக்கையை நேசிப்பவர் ஒருவர். எத்தனை ஆக்கப்பட்டன, எத்தனை எஞ்சியுள்ளன என்பதே அவர் நாட்டம். ஓட்டத்தை நேசிப்பவர் மற்றவர். தாலியோனியின் இரட்டைச் சிலிண்டர் வண்டி நீண்ட உடலுடையது. திருப்பத்தில் மெல்லவே சாயும். சாய்ந்தபின் கோட்டை விட்டு விலகாது அமைதியாகச் செல்லும். இவ்வியல்பை ஏட்டிற் படித்தறியலாம். ஆயின் ஓட்டியவரே உணர்வார். வீணையின் இனிமை அதன் மரத்தை அளப்பதனாற் புலப்படாதவாறு போல, இவ்வண்டியின் மேன்மையும் நிறுத்தி வைத்துப் பார்ப்பதனாற் புலப்படாது.

சேகரித்து வைப்போர் சார்பில் வலுவான வாதமொன்று உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஓட்டுந்தோறும் வண்டி தேய்கிறது. விபத்தொன்று நேரின் முற்றாக அழியவும் கூடும். 400இல் ஒன்று அழிந்தால் எஞ்சுவது 399; அவ்விழப்பை ஈடுசெய்ய எவராலும் இயலாது. நம் இன்பத்துக்காக வருங்காலத்தவரின் பங்கை நாம் செலவிடலாமா? இவ்வாதம் ஒரேயொரு பிரதியாக எஞ்சிய பொருளுக்கு முற்றாகப் பொருந்தும். அத்தகைய பொருளுக்குரிய இடம் அரும்பொருட்சாலையே. கொமோ ஏரிக்கரையில் உள்ள மாண்டெல்லோவில் மோட்டோ குஸ்ஸி நிறுவனமும், பொலோஞாவில் டுக்காட்டி நிறுவனமும் அத்தகைய காட்சிச்சாலைகளை நடத்துகின்றன. ஆனால் அங்கே பொருள் மூடிவைக்கப்படுவதில்லை. வருவோர் அனைவர் கண்ணுக்கும் அது விருந்தாகிறது. தனியார் ஒருவரின் பூட்டிய அறையில் நிற்கும் வண்டியோ ஓடுவதுமில்லை, காட்சி தருவதுமில்லை. அரும்பொருட்சாலையின் நியாயத்தை அவ்வறை கடனாகப் பெற முடியாது.

மேலும், நிறுத்தி வைத்தல் காத்தலாகும் என்ற எண்ணமே பிழையானது. ஓடாத எஞ்சினில் எண்ணெய்ப் படலம் சிலிண்டர்ச் சுவரை விட்டு வடிந்துவிடும். அங்கே துரு ஏறும். இறப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும். காபரேற்றரில் தேங்கிய பெற்றோல் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். உப்புக் காற்று வீசும் கரையோரங்களில் இவையெல்லாம் விரைந்து நிகழும் என்பதை இங்குள்ள எந்த மீனவரும் அறிவார்; கரையில் இழுத்துவிடப்பட்ட படகின் எஞ்சினை அவர் நாட்கணக்கில் இயக்காது விடுவதில்லை.

பொருளினும் முன்னதாக அழிவது அதனைப் பற்றிய அறிவு. தாலியோனியின் வால்வு முறையில், திறக்கும் இடைவெளியையும் மூடும் இடைவெளியையும் தனித்தனியே மெல்லிய தகடுகளாற் சோதித்துச் சீர்செய்தல் வேண்டும். பொறுமையும் பயின்ற விரலும் இல்லாதார்க்கு அது கைகூடாது. வண்டிகள் ஓடினாலன்றி அவ்வேலை எவருக்கும் வராது. வேலை வராதவிடத்து அதனைக் கற்பிக்க ஆசானும் கற்க மாணவனும் இருக்கமாட்டார்கள். அப்போது உலோகம் எஞ்சும், கலை மறையும். பாடுவாரின்றிச் சுவடியில் மட்டும் எஞ்சிய பண்ணின் நிலை அது. ஆகவே ஓட்டுதல் வெறும் நுகர்ச்சியன்று. அது பேணுதலின் ஒரு கூறு எனலாம்.

செல்வத்தின் உண்மை, வைத்திருத்தலைவிடப் பயன்படுத்தலிலேயே தங்கியுள்ளது என்பது அரிஸ்டோட்டில் கண்ட முடிபு. பயனற்றுக் கிடக்கும் பொருளைப் பற்றி வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரமே வகுத்தார். இரு நாட்டு அறிஞரும் இவ்விடத்து உடன்படுகின்றனர்.

ஆயின், பயன்படுத்தலே அறமென்று கூறி இவ்விடத்தில் நின்றுவிட்டால் நாம் மற்றொரு தவற்றில் வீழ்வோம். எங்கே, எவ்வாறு பயன்படுத்துவது என்பதும் வினாவாகும். பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என ஊரோடு ஊர் தொடுத்துச் செல்லும் நம் வீதியில் உழவு இயந்திரமும் முச்சக்கர வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் ஒருங்கே செல்கின்றனர். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் வேகத்துக்கென ஆக்கப்பட்ட வண்டியின் முழு ஆற்றலையும் அங்கே வெளிப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. வண்டி அவருடையது, வீதி அவருடையதன்று. தன் உயிரைப் பணயம் வைப்பவன் தன்னுடையதை மட்டுமே பணயம் வைப்பதாக எண்ணலாம்; எதிரே வரும் குழந்தையின் இசைவை அவன் பெற்றானல்லன். இமோலாவில் வென்ற போல் ஸ்மார்ட் 2021 ஒக்டோபரில் உயிர் நீத்தது பந்தயத் தடத்திலன்று, வீதி விபத்தொன்றில். பொதுவீதி எத்துணைத் தேர்ந்தாரையும் விட்டுவைப்பதில்லை.

நீதி பற்றிய வினா ஒன்றும் உண்டு. 2022இல் இந்நாட்டில் எரிபொருள் அற்றுப்போனபோது மோட்டார் சைக்கிளொன்றுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் எனப் பங்கீடு செய்யப்பட்டது. எஞ்சினுக்கு எண்ணெயின்றி மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. அத்தகைய நாளில் இன்பத்துக்காக ஓட்டுவதை எவ்வாறு நியாயப்படுத்துவது? நியாயப்படுத்த இயலாது என்பதே நேரிய விடை. தேவை நெருக்கும்போது இன்பம் வழிவிடல் வேண்டும். ஆனால் அதிலிருந்து, தேவைக்கு அப்பாற்பட்டதெல்லாம் எக்காலத்தும் குற்றம் என்ற முடிபு பிறவாது. அவ்வாறாயின் இசையும் சிற்பமும் இலக்கியமும், இத்தகைய ஆண்டுமலரும்கூட, குற்றமாகிவிடும். மனிதக் கையும் அறிவும் கூடி எய்திய உயர்நிலையை அனுபவித்தறிதல் மனித வாழ்வின் தகுதியான பகுதியே. அதற்குரிய காலமும் இடமும் அளவும் உண்டு என்பதே நாம் வேண்டுவது.

இனி, இக்கரையிலுள்ள எடுத்துக்காட்டுக்கு வருவோம். ஒலுவிலில் ஒரு துறைமுகம் அமைதல் வேண்டும் என்பது அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் கனவு. அவர் 2000ஆம் ஆண்டு மறைந்தார். டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. ஆயினும் அது வணிகக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகமாக நிலைபெறவில்லை. கரைவழியே நகரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன; மணல் வாயிலை அடைத்து, மீன்பிடிப் படகுகளின் போக்குவரவையும் முடக்கியது. மணல் பெறாத வடபுறக் கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோப்புக்களையும் காணிகளையும் கொண்டுசென்றது.

பூட்டிய அறையிலுள்ள வண்டியும் இத்துறைமுகமும் ஒன்றல்ல. முன்னதை உடையவர் விரும்பியே நிறுத்தி வைக்கிறார். பின்னதை எவரும் விரும்பி முடக்கவில்லை. எனினும் இரண்டும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. பயன்படாத பொருள் தீங்கற்று ஒதுங்கி நிற்பதில்லை. கப்பல் வராவிடினும் சுவர் மணலை மறிக்கும். அதன் விலையைக் கொடுப்பவர் கரையோரக் குடியானவர். ஆக்கும் செலவைக் கணக்கிட்டோர் பேணும் செலவைக் கணக்கிடாதவிடத்து, திறப்பு விழாவே அப்பொருளின் உச்சமாகிவிடுகிறது. துறைமுகத்துக்கு மணல் அகழ்தல் எவ்வாறோ அவ்வாறே எஞ்சினுக்கு வால்வு சீர்செய்தல். அதனைச் செய்ய ஆயத்தமில்லாதவர் இரண்டையும் உடைமையாகக் கொள்ளத் தகுதியுடையவரல்லர்.

இப்பிரதேச முஸ்லிம் மக்களின் வழக்கில் 'அமானிதம்' என்றொரு சொல் உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது அதன் கருத்து. அமானிதப் பொருளை, ஒப்படைத்தவரின் அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது என்பது கண்டிப்பான விதி. அரிய வண்டியை அமானிதமாகக் கருதினால் அதனைத் தொடவே கூடாதன்றோ என்று ஒருவர் வினவலாம். ஒப்படைத்தவர் யார் என்று நோக்கினால் விடை கிடைக்கும். அதனை ஆக்கிய கைகளே ஒப்படைத்தவை. தாழ்ந்த கைப்பிடியிலும் பின்தள்ளிய மிதியிலும், ஓட்டுக என்ற அனுமதியை அவை எழுதியே வைத்துள்ளன. கெடாது ஓட்டுக, பிறரைக் கெடுக்காது ஓட்டுக, அடுத்தவர் கையில் ஓடக்கூடிய நிலையிற் கொடுக்க என்பனவே அவ்வனுமதியின் நிபந்தனைகள்.

ஆதலால் உடைமை என்பது பெயரைப் பதிவு செய்வதோடு முடிவதன்று. பொருள் எதற்காக ஆக்கப்பட்டதோ அதனைச் செய்ய விடுதலும், அதற்கு வேண்டிய உழைப்பையும் அறிவையும் இடையறாது வழங்குதலும், அதனாற் பிறர்க்கு நேரும் துன்பத்துக்குப் பொறுப்பேற்றலும் ஆகிய மூன்றும் கூடியதே உடைமை. மோட்டார் சைக்கிளை உடையவருக்கும் துறைமுகத்தை உடைய அரசுக்கும் இது பொதுவிதி. அம்மூன்றும் இல்லாதவிடத்து அவர் பொருளின் காவலாளியாக இருக்கலாம். அதனை உடையவர் என்று கூறுதல் பொருந்தாது.