கீரையும் சீலமும்

பஞ்ச சீலங்களுள் முதலாவது உயிர்க்கொலை தவிர்த்தல். அச்சீலத்தை ஏற்ற நாள்தொட்டு நம்மவர் இல்லங்களில் ஒரு வினா எழுந்தவண்ணம் இருக்கிறது. பௌத்தன் புலால் உண்ணலாமா? மரக்கறி உணவையே மேற்கொள்ள வேண்டுமா? இவ்வினாவை ஆராய்வோர் பெரும்பாலும் உண்ணப்படும் உயிரைப் பற்றியே பேசுகின்றனர். உண்ணும் மனிதனுடைய உடலைப் பற்றிப் பேசுவோர் சிலரே. தாவர உணவு உடலுக்கு எதனைத் தருகிறது, எதனைத் தரவில்லை என்று அறியாமல் இவ்வினாவுக்கு நேரிய விடை காண இயலாது என்பது நம் கருத்து.

பகவன் புத்தர் ஆளவி நகரில் எழுந்தருளியிருந்தபோது நிகழ்ந்த ஒரு செய்தியைத் தம்மபத உரை கூறுகிறது. ஏழை உழவன் ஒருவன், காணாமற்போன தன் எருதைத் தேடி அலைந்து கண்டுபிடித்தபின், உணவும் கொள்ளாமல் அவைக்கு ஓடிவந்தான். அவன் வருகைக்காக அதுவரை காத்திருந்த பகவன், வந்தவுடன் அறமுரைக்கத் தொடங்கவில்லை. எஞ்சிய உணவு உளதா என்று கேட்டு, அவனை உண்ணச் செய்து, அவன் பசி தணிந்த பின்னரே உபதேசம் செய்தார். பசியை நோய்களுள் பெரியதாகக் கொண்டது பௌத்தம். மணிமேகலைக் காப்பியமும் அதனைப் பிணியென்றே கருதி, அதனைத் தீர்ப்பதைத் தன் தலைவியின் தொண்டாக்கியது.

அது வயிற்றில் தோன்றும் பசி. வயிறு நிறைந்த பின்னும் குருதியிலும் நரம்பிலும் தங்கிவிடும் பசி ஒன்று உண்டு. அதனை அறிவியல் நமக்குக் காட்டியது. ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசியை உண்டபின் அவை தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணத்தை அறிய வழிகாட்டிய இவ்வாராய்ச்சிக்காக 1929ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நாம் வெண்மைக்காகத் தீட்டி எறிந்த தவிட்டிலேயே அந்த உயிர்ச்சத்து இருந்தது. நெல்லை அவித்தெடுக்கும் புழுங்கலரிசியில் அச்சத்து உள்ளே ஊறிப் பெருமளவு எஞ்சுகிறது.

நம் நாட்டிலேயே நிகழ்ந்த மற்றொரு ஆராய்ச்சியையும் நாம் நினைவுகூர வேண்டும். 1928ஆம் ஆண்டு ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் அம்மையார் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களிடையே பரவியிருந்த கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். கிருமியே காரணம் என்று முதலில் ஐயுற்றவர், பின்னர் அப்பெண்களின் உணவை நோக்கினார். குறை அங்கேதான் இருந்தது. ஈஸ்ட் என்னும் நுரைமத்தின் சாற்றைக் கொடுத்தபோது அவர்கள் தேறினர்; 1931இல் அம்மையார் இதனை வெளியிட்டார். குணமாக்கிய பொருள் இன்னதென்று அப்போது விளங்கவில்லை. 1941இல் கீரை இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சத்துக்கு, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அம்மையார் தேடிய சத்து அவ்வினத்தைச் சேர்ந்ததே. இன்று கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்துடன் சேர்த்து வழங்கும் மாத்திரையில் இருப்பதும் அதுவே.

தாவரங்கள் தரும் நன்மைகள் இவ்வளவோடு முடிவதில்லை. அரிசியின் புரதத்தில் குறைவாயுள்ள லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆதலின் சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றது நிறைக்கிறது. முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் உள்ள கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக் கண்ணைக் காக்கிறது. சிறிது எண்ணெய் சேர்ந்தால் அது நன்கு உட்கொள்ளப்படும். காயும் பழமும் நாள் ஒன்றுக்கு 400 கிராமேனும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

எனினும் தாவர உணவின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்வதே வாய்மை. கீரையில் உள்ள இரும்பு, புலாலில் உள்ள இரும்பைப் போல் எளிதில் உடலில் சேர்வதில்லை. நெல்லி, எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றின் புளிப்புச்சத்தான வைட்டமின் சி துணைநின்றால் மிகுதியாகச் சேரும்; உணவோடு தேநீர் பருகினால் குறையும். நரம்புக்கும் குருதிக்கும் இன்றியமையாத வைட்டமின் பி12, நாம் உண்ணும் கீரை, காய், தானியங்களில் இல்லை. புலாலுடன் பாலையும் முட்டையையும் விட்டவர் அதனை மருந்தாகவேனும் பெறல் வேண்டும். சீலத்தின் பெயரால் புலாலை விட்டு, வளரும் குழந்தைக்கு வெறுஞ்சோறும் ரசமும் ஊட்டுவது கருணையாகாது. அக்குழந்தையும் ஓர் உயிரே அன்றோ?

2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையோர். லூசி வில்ஸ் அம்மையார் பம்பாயில் கால் வைத்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தும் நிலை இது. குடற்புழு போன்ற பிற காரணங்களும் இதற்கு உண்டு. ஆயினும் நம் வீட்டு அடுப்பங்கரையை நாம் நோக்க வேண்டாவா? ஆடவரும் பிள்ளைகளும் உண்டெழுந்தபின், சட்டியில் ஒட்டிய சோற்றையும் நீர்த்த குழம்பையும் உண்பவள் தாய். பருப்பும் கீரையும் அவள் முறை வருவதற்குள் தீர்ந்துவிடுகின்றன. சமத்துவத்தை நாடிப் பௌத்தம் தழுவிய நாம், அதனைப் பந்தியில் பரிமாற மறந்தோமாயின் வேறெங்கு நிலைநாட்டுவோம்?

இனி, உணவைத் தூய்மையின் அளவுகோலாக்கும் கேட்டைக் குறித்தும் சொல்ல வேண்டும். நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் அவர்களுடைய உணவையே காரணமாகக் காட்டினர். அந்த வரலாற்றை டாக்டர் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய நூலில் ஆராய்ந்தார். அத்தகைய இழிவைச் சுமந்த நம்மவருள்ளும் சிலர், மரக்கறிக்கு மாறியபின், மாறாத அண்டை வீட்டாரின் பாத்திரத்தைத் தொடத் தயங்குகின்றனர். பழைய நஞ்சைப் புதிய கிண்ணத்தில் ஊற்றுவதன்றி இது வேறென்ன? பிக்குகள் ஒருபோதும் மீனும் புலாலும் உண்ணலாகாதென விதி செய்யுமாறு தேவதத்தன் வேண்டியபோது, பகவன் அதற்கு இணங்கவில்லை. தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாததும் கேளாததும் ஐயுறாததுமான புலால் பிக்குகளுக்கு விலக்கன்று என்றார். பிற்காலத்து மகாயான நூல்கள் சில புலாலை முற்றும் விலக்கின என்பதும் உண்மை. ஆகவே கருணையால் புலாலை விடுபவரைப் போற்றுவோம், விடாதவரை இகழோம்.

அசோக மாமன்னர் தம் முதலாம் பாறைக் கல்வெட்டில், தம் மடைப்பள்ளியில் நாள்தோறும் நிகழ்ந்த பெருங்கொலையை மிகச் சிலவாகக் குறைத்ததை உரைத்தார். பிறரைக் கடியுமுன் தம் அடுப்பிலிருந்தே தொடங்கினார். இரண்டாம் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குகளுக்கும் உரிய மூலிகைகளும் கிழங்குகளும் கனிகளும் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடச் செய்ததை உரைத்தார். அத்தொண்டு சென்ற நாடுகளுள் சோழ பாண்டிய நாடுகளும் சொல்லப்பட்டுள்ளன.

நமக்கு இதனினும் தெளிவான வழி வேண்டுவதில்லை. விகாரையின் முற்றத்தில் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் நடுவோம். பௌர்ணமி நாளில் கூடி உண்ணும்போது கீரையும் பருப்பும் குறைவின்றிச் சமைப்போம்; பெண்களை முதற்பந்தியில் அமர்த்துவோம். கருவுற்ற சகோதரிக்கு மருத்துவர் தரும் மாத்திரையை நினைவூட்டுவோம். தட்டில் என்ன இருக்கிறதென்று கேட்டு ஒருவரை எடைபோடுவதை விடுத்து, எவர் தட்டில் என்ன இல்லை என்று கேட்கப் பழகுவோம். முதற்சீலம் கொல்லாமையோடு நிற்பதன்று. உயிரை வாழச் செய்வதும் அதனுள் அடங்கும்.