கட்டாமல் விட்ட சுவர்

வீடு இல்லாதவனுக்கு வீடு கட்டித் தருவது தருமம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். எப்படிக் கட்டித் தந்தால் அது தருமம் என்று மட்டும் நாம் கேட்டுக்கொள்வதில்லை. காரைக்கால் கடற்கரையில் ஒரு கிழவி கேட்கிற வரையில் நானும் கேட்டுக்கொண்டதில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி கடல் பொங்கி வந்தபோது காரைக்கால் பகுதியில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. கரையோரத்துக் குப்பங்கள் துடைத்தெடுத்தாற்போல் ஆயின. மறு ஆண்டு, அங்கே வீடு கட்டித் தர முன்வந்த தரும ஸ்தாபனம் ஒன்றில் நானும் அங்கத்தினன். உள்ளூர்க்காரன், நாலு பேருக்குத் தெரிந்த எழுத்தாளன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

வீட்டின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு குப்பத்துக்குப் போனோம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, மேலே கான்கிரீட் தளம். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு, ஒரே முகம், ஒரே வர்ணம். நான் மிகுந்த பெருமையோடு விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட ஒரு கிழவி படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. பேரனுக்குத் தை மாசம் கலியாணம். கீத்துத் தட்டின்னா புடுங்கி அந்தப் பக்கமா நட்டுக்குவோம். இந்தச் சுவரை எங்கே தள்ளுறது?"

"சுவரைத் தள்ள முடியாது, அம்மா. இது கெட்டி வீடு" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீடுகள் படத்தில் இருந்தபடியே எழும்பின. அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

காரைக்கால் ஊருக்குள் இருந்த என் பாட்டியின் வீட்டை நினைத்துப் பார்த்தேன். அங்கே படுக்கையறை என்று ஒன்று கிடையாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, அவ்வளவுதான். பகலில் கூடத்தில் காய்கறி நறுக்குவார்கள். இரவில் அங்கேயே பாய் விரிப்பார்கள். கலியாணம் வந்தால் அதுவே மணவறை. பிரசவத்துக்கு மூலையில் ஒரு திரை கட்டினால் போதும். நாலு பேர் இருந்த வீட்டில் இருபது பேர் இருந்ததும் உண்டு. பிறகு கை வறண்டபோது பின்கட்டைத் தடுத்து ஒண்டுக் குடித்தனம் வைத்தோம். அந்த வீடு எத்தனையோ தடவை மாறியது; ஒரு தடவையும் இடிக்கச் சொன்னதில்லை. உலகில் வெளியேறும் கரிவாயுவில் ஏழெட்டு சதவிகிதம் சிமெண்டினால் வருகிறது என்கிறார்கள். அப்படியானால் இடிக்காமல் இருப்பதைக் காட்டிலும் பெரிய சிக்கனம் ஏது?

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் உண்மை பாதியோடு நின்றுவிடும். அதே வீட்டுக்கு என் அத்தை இருபது வயதில் தாலியை இழந்து வந்து சேர்ந்தாள். ஐம்பது வருஷம் இருந்தாள். தாழிட்டுக்கொள்ள அவளுக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. அழ வேண்டுமானால் மாட்டுக் கொட்டிலுக்குப் போவாள். எல்லோரையும் வரவேற்றது என்று நாம் பாடுகிற திண்ணையும் எல்லா ஜாதிக்காரரையும் உட்காரவைத்துவிடவில்லை. ஆகவே, சுவரே வேண்டாம் என்பது விடையாகாது. எதைக் கெட்டியாகக் கட்ட வேண்டும், எதைக் கட்டாமல் விட வேண்டும் என்பதே கேள்வி.

இந்தூர் நகரத்தில் இதற்கு ஒரு விடை சொன்னவர் பாலகிருஷ்ண தோஷி என்ற கட்டடக் கலைஞர். 1980களில் அவர் வகுத்த அரண்யா குடியிருப்பில் ஏறக்குறைய 6,500 மனைகள். மிக ஏழைகளுக்கு 35 சதுர மீட்டர் மனை. அதில் ஒரு மேடை, தண்ணீர், கழிப்பறை. மற்றதை, கையில் காசு சேரச் சேர அவரவரே கட்டிக்கொள்ளலாம். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளையும் அவர் எழுப்பினார். சிலி நாட்டு இகீகே நகரில் 2004இல் அலெஹாந்த்ரோ அரவேனா இன்னொரு காரியம் செய்தார். கிடைத்த பணத்தில் சின்னஞ்சிறு வீட்டை முழுதாகக் கட்டாமல், நல்ல வீட்டில் பாதியைக் கட்டி, பக்கத்தில் வெற்றிடம் விட்டார். குடும்பங்கள் அதை நிரப்பிக்கொண்டன.

"ஏழைக்குப் பாதி வீடா? உமக்கு யாராவது பாதி வீடு தந்தால் வாங்கிக்கொள்வீரா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கோபம். எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தனி மனிதனால் ஆகாத பாதியைத் தருகிறவன் செய்ய வேண்டும்: புயலுக்கு நிற்கிற கூரை, குழாய், சாக்கடை, தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, நாளைய மாடியையும் தாங்குகிற அஸ்திவாரம். இதில்தான் கொடுப்பவனின் மனசு தெரியும். அடிக்கல்லில் பெயர் வெட்டிக்கொள்கிறோமே ஒழிய, அடியில் போடுகிற கம்பிக்கு யாரும் பெயர் வெட்டிக்கொள்வதில்லை. கம்பியில் மிச்சம் பிடித்துவிட்டு, "மிச்சத்தை நீயே கட்டிக்கொள்" என்பது மோசடி. கடினமானதைத் தான் முடித்துவிட்டு மற்றதை விடுவது மரியாதை.

நகரத்து வாசகர்கள் இதைக் குப்பத்து விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். முப்பது வருஷக் கடனில் நாம் வாங்குகிற அடுக்ககத்திலும் சுவரைத் தள்ள முடியாது. ஊரிலிருந்து அப்பா வந்து தங்கிவிட்டால் அவருக்குக் கட்டில் போட இடம் இல்லை. வாங்கும்போது நாம் சதுர அடியைக் கேட்டோம். நாளைக்கு யார் வருவார்கள் என்று கேட்டோமா?

திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த இடைகழி உங்களுக்குத் தெரியும். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்கிற இடம் அது. வந்தவருக்காக இருந்தவர் எழுந்து கொடுத்தார். அதனால் இடம் வந்தது. ஆனால் எழுந்து கொடுக்கச் சம்மதித்தவருக்குத்தான் அது பெருமை. என் அத்தையை யாரும் கேட்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து அந்தக் குப்பத்துக்கு மறுபடி போனேன். எங்கள் வீடுகள் வரிசை குலையாமல் நின்றன. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டின் முதுகிலும் ஒரு கீற்றுச் சாய்ப்பு. ஒன்றில் கிழவி பாயில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உள்ளே அனலாக் கொதிக்குது, தம்பி. கதவு இருக்கேன்னு அதைச் சின்னஞ்சிறுசுகளுக்கு விட்டுட்டேன்" என்றாள்.

நான் சொல்லிவைத்திருந்த மன்னிப்பு வாயில் வரவில்லை. நின்றுகொண்டிருந்தேன். அவள் முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நிக்கிறீங்களே, இப்படி உக்காருங்க."

பாயில் பாதி எனக்கு.