காசும் வாசியும்

சிவமயம்



காசு என்னுஞ் சொல் பொன் நாணயத்தையும் மணியையும் குற்றத்தையும் உணர்த்துவதொரு பலபொருட் சொல்லாம். வாசி என்பது வேறுபாடு. நாணயம் மாற்றுங்கால் அதன் மதிப்பிற் குறைத்துக்கொள்ளும் வட்டத்திற்கும் பெயராம். இப்பொருளில் அஃது இன்று வழக்கு வீழ்ந்ததேனும், விலைவாசி, அரைவாசி என்னுந் தொடர்களில் வாசி என்னுஞ் சொல் இன்னும் உயிர்வாழ்கின்றது. இவ்விரு சொற்களையும் ஒருங்கு வைத்து அரியதோர் உண்மையை அறிவுறுத்துவது திருவீழிமிழலை நிகழ்ச்சியாம்.

நாட்டில் வற்கடம் பரந்த காலத்து, ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசும் ஆண்டு எழுந்தருளியிருந்து, இறைவன் பீடத்தில் நாடோறும் அருளிய ஒவ்வொரு காசு கொண்டு அடியார்க்கு அமுதூட்டினர் எனச் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்து அருளிச்செய்தனர். அரசுகள் திருமடத்தில் அமுது காலத்தே அமைந்தது; பிள்ளையார் திருமடத்தில் தாழ்ந்தது. காரணம் வினவ, அவர் பெற்ற காசிற்கு வணிகர் வாசி கொள்கின்றனர் என ஏவலர் விடையிறுத்தனர். பிள்ளையார் திருவிருக்குக்குறட் பதிகம் பாடி விண்ணப்பிக்க, மறுநாள் வாசியில்லாத காசு பெற்றனர்.

ஒருவனாகிய இறைவன் அளித்த காசில் வேற்றுமை வந்தவாறு என்னை யெனின், கூறுதும். அரசுகள் உழவாரப் படை தாங்கிக் கைத்தொண்டு புரிந்தவர், பிள்ளையாரோ திருமகனார். மகன் பெறுவது உரிமை. தொண்டர் பெறுவது பணியின் பேறு. கைத்தொண்டின் ஏற்றத்தை உலகறியச் செய்தற்கே இறைவன் இங்ஙனந் திருவிளையாடல் புரிந்தனன் என்க. இதனாற் பிள்ளையார்க்கு ஓர் இழுக்குமின்று.

இன்னும் நோக்குக. பிள்ளையார் வணிகரை வெகுண்டிலர், தமக்கென வேண்டினாருமல்லர், அடியார் பசித்திருத்தல் பொறாது வேண்டினர். காசின் குறையைத் தீர்த்தவனும் அதனை அளித்தவனே. செம்பிற் களிம்புபோல் உயிரை அநாதியே பற்றிய ஆணவமும் திருவருளானன்றி நீங்காமை இதனால் உய்த்துணரத் தகும்.

முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில், ஊர்ச் சபையாரிடம் முதலாக வைத்த காசொன்றிற்கு ஆண்டுக்கு அரைக்காற் காசு பொலிசை அளக்குமாறு விதித்த செய்தி காணப்படும். முதல் அழியாது நிற்க, அதன் ஊதியத்தால் அறம் நடைபெறுதல் அன்றைய முறையாயிற்று. இன்று நம் திருமடங்களின் உடைமைகளும் அங்ஙனம் முன்னோர் வைத்த முதலேயாம். அவற்றைக் காக்கும் நாம் கணக்கிற் குறைவின்மை கண்டு அமைதல் சாலாது. பசித்து வந்தார்க்கு உரிய காலத்து அமுது இடப்பட்டதா என்பதே காசிற்கு உரைகல். அது தாழுமாயின், பொருள் நிறைந்திருப்பினும் நம் காசு வாசியுடையதே. அக்குறையை மறையாது திருமுன் வைத்து, கையாற் பணிசெய்து, தீர்த்தருள வேண்டுவோமாக.

திருச்சிற்றம்பலம்.