இறக்கையில் இடைவெளியோடு பற!

இருபத்திரண்டு வயதில் "எல்லாரும் முந்திவிட்டார்கள், எனக்கு இனி ஒன்றுமில்லை" என்று இடிந்து உட்கார்ந்திருக்கும் தம்பியே, தங்கையே, ஐரோப்பியக் கடற்கரைகளில் வாழும் ஹெர்ரிங் கடற்காகத்தைப் பார்!

முதல் ஆண்டில் உடம்பெங்கும் பழுப்பு. அலகும் கறுப்பு, கண்ணும் கறுப்பு. தெரியாதவர் வேறு இனம் என்றே சொல்லிவிடுவார். இரண்டாம் ஆண்டில் முதுகில் அங்கங்கே சாம்பல் இறகு தலைகாட்டும், கண் வெளிறத் தொடங்கும். மூன்றாம் ஆண்டில் முதுகு சாம்பலாகிவிடும். இறக்கையில் பழுப்பும் அலகில் கறுப்பும் இன்னும் விட்டபாடில்லை. நான்காம் ஆண்டு வாக்கில்தான் வெள்ளை உடலும், மஞ்சள் அலகும், அதன் கீழ்ப்பக்கம் சிவப்புப் பொட்டும் துலங்கும். அந்தப் பொட்டைக் கொத்தித்தான் குஞ்சுகள் பெற்றோரிடம் இரை கேட்கும். 1973-இல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கன் ஆராய்ந்தது இதைத்தான்.

கருந்தலைக் கடற்காகமோ சிறியது, இரண்டே ஆண்டில் முழுக்கோலம் பூண்டுவிடும். அது பக்கத்து மணலில் வெள்ளையாய் மின்னுகிறதே என்று ஹெர்ரிங் குஞ்சு பறப்பதை நிறுத்துகிறதா?

பழைய இறகை அது மாற்றும் விதத்தைக் கவனி. ஒவ்வொரு இறக்கையிலும் வெளிப்புறம் பத்து நீண்ட இறகுகள். வாத்தைப்போல எல்லாவற்றையும் ஒரேயடியாக உதிர்த்துவிட்டு, பறக்கமுடியாமல் காத்துக்கிடப்பதில்லை. உள்ளிருந்து நுனி நோக்கி ஒன்றிரண்டாக உதிர்க்கும். அங்கே புதிது முளைக்க முளைக்க அடுத்தது உதிரும். மாதக்கணக்கில் நடக்கும் வேலை. அத்தனை நாளும் இறக்கையில் இடைவெளி தெரியத் தெரிய அது பறக்கிறது, இரை தேடுகிறது! நீ மட்டும் ஏன் "எல்லாம் சரியாகட்டும், பிறகு தொடங்குகிறேன்" என்கிறாய்?

இன்னொன்று. ஒரே ஆண்டில் பொரித்த இரண்டு குஞ்சுகள்கூட ஒரே வேகத்தில் நிறம் மாறுவதில்லை. ஒன்றுக்கு முதுகு முந்தும், இன்னொன்றுக்குக் கண் பிந்தும். அதனால்தான் தேர்ந்த பறவைநோக்கர்கள் ஒற்றை அடையாளத்தை வைத்து வயதைச் சொல்வதில்லை. இறகின் தேய்மானம், நுனியின் வடிவம், அலகு, கண் அத்தனையும் பார்த்த பிறகே வாய் திறப்பார்கள். ஒரு பறவைக்கே இத்தனை பொறுமை காட்டும்போது, ஒரே ஒரு மதிப்பெண் பட்டியலை நீட்டி உன்னை எடைபோட எவருக்கு உரிமை? அந்தத் தீர்ப்பை ஏற்காதே!

பாதி பழகிய ஆங்கிலத்தோடும், முடியாமல் நிற்கும் அந்தப் பாடத்தோடுமே நாளைக் காலை நேர்காணலுக்குப் போ. மாலையில் வந்து, விட்ட பக்கத்திலிருந்து படி.