சில்லறைக் கோபங்கள்

கோபத்தைப் பற்றி நம்முடைய பெரியவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். எரிச்சலைப் பற்றி அவ்வளவாகச் சொல்லவில்லை. கோபம் காவியத்துக்கு உரியது. கண்ணகியின் கோபம் மதுரையை எரித்தது. துர்வாசரின் கோபம் சாபமாகப் பலித்தது. எரிச்சலுக்கு அந்தப் பெருமை கிடையாது. எதிரே வருகிற லாரிக்காரர் விளக்கைத் தணிக்காவிட்டால் அது வருகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஊருக்கெல்லாம் கேட்கும்படி செல்போனில் சினிமா பார்த்தால் வருகிறது. கல்யாணப் பத்திரிகையில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தால், என்னைப் போன்றவர்களுக்கு, வருகிறது. ஐந்து நிமிஷத்தில் போயும் விடுகிறது. ஆனாலும் ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் வருகிற கோபத்தையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டால், நோட்டாக வருவது குறைவு. சில்லறையாக வருவதுதான் அதிகம்.

இந்தச் சில்லறையைப் பற்றி எனக்கு வெகுநாளாக ஒரு கேள்வி உண்டு. எரிச்சல் வரும்போது நாம் பிறரிடம் ஒரு தவற்றைக் காண்கிறோமா? அல்லது, நம்முடைய பழக்கம் சற்றே கலைந்ததற்குத் தவறு என்று பெயர் வைத்துவிடுகிறோமா?

திருக்குறளில் இதற்குப் பக்கமாக இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 16-ஆவது அதிகாரம் பொறையுடைமை, 31-ஆவது வெகுளாமை. முன்னது இல்லறவியலில் இருக்கிறது, பின்னது துறவறவியலில். வள்ளுவர் காரியமில்லாமல் இப்படிப் பிரித்து வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கோபமே வராமல் இருப்பது துறவியின் வேலை. வந்ததைப் பொறுத்துக்கொள்வது குடும்பஸ்தன் வேலை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனும் ரேஷன் கடையில் நிற்கிறவனும் எரிச்சலே படக்கூடாது என்று அவர் கேட்கவில்லை. அந்த மட்டில் எனக்கு ஆறுதல்.

வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குப் போகும் வழியில் மேல்விஷாரம் இருக்கிறது. டேனரிகளும், பள்ளிவாசல்களும், 1965-இல் தொடங்கிய அப்துல் ஹக்கீம் கல்லூரியும் உள்ள ஊர். தோல் வியாபாரத்தில் பொருள் சேர்த்துக் கல்விக்கும் தர்மத்துக்கும் வாரி வழங்கிய அந்த ஊர்க்காரரின் பெயர்தான் கல்லூரிக்கு. அங்கே எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஒரு டேனரியில் நாற்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறையாவது அவரைப் பார்க்கப் போவேன். ஆகவே, எரிச்சலைப் பற்றி நான் யோசித்ததில் பெரும்பகுதி அந்தச் சாலையில் யோசித்ததுதான்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடுகிற நெடுஞ்சாலை அது. இராத்திரியில் எதிரே வருகிறவர் விளக்கை டிம் அடிக்காமல் வந்தால் கண் இருண்டு போகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இது தவறுதான். ஒருவருடைய சௌகரியத்துக்காக இன்னொருவர் கண்ணை மறைப்பது, கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஆளையும் மறைப்பது. சாலையைக் கடக்க ஓரத்தில் நிற்கிற கிழவிக்கும் அதில் ஆபத்து உண்டு. இந்த எரிச்சல் நியாயமான எரிச்சல்.

ஹார்ன் அப்படி அல்ல. அதில் எனக்கு இரண்டு மனம். நம்முடைய லாரிகளின் பின்புறத்தைப் பாருங்கள்: 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருக்கும். அது வேண்டுகோள்! வெளிநாட்டில் ஹார்ன் அடித்தால் திட்டியதாக அர்த்தம். இங்கே 'ஐயா, நான் பக்கத்தில் இருக்கிறேன்' என்று அர்த்தம். மகாராஷ்டிர அரசு 2015-இல் இத்தகைய வாசகத்தை லாரிகளில் எழுதக் கூடாது என்று உத்தரவே போட்டது. வாசகம் போனால் சத்தம் போய்விடுமா என்பது வேறு விஷயம். சத்தம் காதைத் துளைக்கிறது என்பது உண்மை. அடிக்கிறவன் மனத்தில் அவமதிப்பு இல்லை என்பதும் உண்மை. எரிச்சலோ இந்த இரண்டாவது உண்மையைப் பார்ப்பதே இல்லை.

எதிர்த்திசையில் வருகிற மோட்டார் சைக்கிள்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ராங் சைடில் வருகிறான் பார்' என்று பஸ்ஸில் எல்லோருமே சொல்வோம். வருகிறவர் செய்வது ஆபத்தான காரியம்; அதற்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் நெடுஞ்சாலை போட்டவர்கள், நடுவிலே தடுப்பு வைத்து, சாலையின் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கத்துக் கடைக்குப் போக வெகுதூரம் சுற்றும்படி செய்துவிட்டால், அவருக்கு வருகிற எரிச்சலை நாம் யாரும் கேட்டதில்லை. வேகமாகப் போகிறவனின் எரிச்சலுக்குப் பத்திரிகையில் இடம் உண்டு. ஓரத்தில் நிற்கிறவனின் எரிச்சலுக்கு இல்லை.

இருக்கட்டும். சாலையை விட்டு எழுத்துக்கு வருகிறேன். இங்கேதான் என்னுடைய சொந்தச் சில்லறை நிறைய இருக்கிறது.

மேல்விஷாரத்தை அடுத்துள்ள ஊரை ஆற்காடு என்று எழுதுவதா, ஆர்க்காடு என்று எழுதுவதா? ஆறு காடுகள் இருந்த இடம் என்று சொல்கிறவர் வல்லின றகரம் போடுகிறார். ஆர் என்னும் ஆத்தி மரங்கள் நிறைந்த காடு என்று சொல்கிறவர் ரகரம் போட்டுக் ககர ஒற்றும் சேர்க்கிறார். இரண்டு கட்சிக்காரரும் மற்றவர் எழுதியதைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் 'ஆக்காடு ஒண்ணு' என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். 2019-இல் தனி மாவட்டமான ராணிப்பேட்டைக்கு அரசாங்கப் பலகையில் முன்னால் ஓர் இகரம் நிற்கிறது. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வராது என்பது இலக்கணம். ஆகையால் ராணிக்கு முன்னால் ஒரு சேவகனைப் போல இகரம் போகவேண்டியிருக்கிறது. யாரும் அதை உச்சரிப்பதில்லை.

2020 ஜூன் மாதத்தில் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுதவேண்டும் என்று ஆணை வெளியிட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் வேலூருக்கு வந்த புதிய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் படித்தால் 'வீலூர்' என்றுதான் வாயில் வந்தது. கேலி எழுந்தது, சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கொள்ளை நோய் ஊரை உலுக்கிக்கொண்டிருந்த மாதம் அது. அப்போதும் மக்களுக்கு எழுத்துக்கூட்டலுக்காக எரிச்சல்பட நேரம் இருந்தது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரிய பயம் இருக்கும்போது சின்ன எரிச்சல் ஒரு துணை.

எழுத்து விஷயத்தில் பழக்கம்தான் எஜமான். 1935-இல் பெரியார் குடி அரசு பத்திரிகையில் சீர்திருத்த எழுத்துகளைக் கொண்டுவந்தார். 1978 அக்டோபரில் அரசாணை வந்தது. யானைத் துதிக்கை போட்ட ணை, லை, னை எல்லாம் பாடப் புத்தகத்தை விட்டுப் போயின. அவை போனபோது மொழியே போயிற்று என்று வருந்தியவர்கள் உண்டு. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பழைய எழுத்தைக் காட்டினால் அச்சுப்பிழை என்கிறார்கள். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1828-இல் அகராதி போட்டு, 'கலர்' என்ற சொல்லிலிருந்து 'யு' என்ற எழுத்தை எடுத்துவிட்டார். அந்த ஒற்றை எழுத்துக்காக இரு நாட்டாரும் இன்னும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மேல்விஷாரத்துக்கே வருகிறேன். வடவெழுத்தை நீக்கி எழுதவேண்டும் என்ற விதி தொல்காப்பிய காலத்தது. அதன்படி எழுதினால் ஊர் 'மேல்விசாரம்' ஆகிறது. விசாரம் என்றால் கவலை என்று ஓர் அர்த்தம். ஆராய்ச்சி என்று இன்னோர் அர்த்தம். நான் ஒருமுறை ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையில் ஊர்ப் பெயரை இப்படித் திருத்தி அச்சிட்டிருந்தார்கள். நண்பரிடம் காட்டினேன்.

"பரவாயில்லை சார், ஒரேடியாப் பொய்யும் இல்லையே" என்றார்.

ஆனால் எழுத்துக்கூட்டல் எப்போதும் வேடிக்கையாக இருப்பதில்லை. நண்பரின் தாயாருக்கு எண்பது வயதுக்கு மேல். பெயர் ஹகாரத்தில் தொடங்குவது. ரேஷன் கார்டில் அந்த ஹகாரம் இருக்கிறது. வாக்காளர் அட்டையில் அது உதிர்ந்துபோய் அகாரம் நிற்கிறது. ஆதாரில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருக்கிறது. முதியோர் பென்ஷனுக்காகப் போன அலுவலகத்தில், இந்த மூவரில் யார் நீங்கள் என்று கேட்டுவிட்டார்கள். மூன்று பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன்னால் பிரமாணம் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது.

"நான் ஒருத்திதான்னு நானே சத்தியம் பண்ணணுமா?" என்று அந்தம்மாள் கேட்டாராம்.

முகமது, முகம்மது, முஹம்மது என்று ஒரே வீட்டில் மூன்று விதமாக எழுதப்பட்ட அண்ணன் தம்பிகள் அந்தப் பக்கத்தில் ஏராளம். எழுதியவர்கள் பள்ளிக்கூடத்து எழுத்தர்களும் கணக்கெடுக்க வந்தவர்களும். கல்யாணப் பத்திரிகையில் ஒற்று விடுபட்டால் எனக்கு வருகிற எரிச்சலும், தன் பெயரைத் தானே நிரூபிக்க நிற்கிற அந்தம்மாளின் வருத்தமும் ஒரே இனம் அல்ல. என் எரிச்சலில் கெட்டுப்போவது என் ரசனை. அங்கே தடைபடுவது ஒரு மனுஷியின் மாதச் செலவு. இரண்டையும் 'எழுத்துப்பிழை' என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம்.

இனிச் சொல்லப்போவது சற்றுச் சங்கடமான விஷயம். அந்தச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் பொதுவான ஓர் எரிச்சல் உண்டு. அது வாசனை. பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். இப்போது அதற்கு நேர்மாறு. டேனரி உள்ள ஊர்களைத் தாண்டும்போது அந்தச் சொல்லின் இரண்டாவது வாழ்க்கை நன்றாக விளங்கும். பச்சைத் தோல், சுண்ணாம்பு, உப்பு, இரசாயனம் எல்லாம் கலந்த நெடி. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள், பிறகு குரோமியம் வந்தது, நெடியும் மாறியது.

"எங்க ஊரு வர்றது கண்டக்டருக்கே தெரியும் சார்" என்றார் நண்பர். "எல்லாரும் கர்ச்சீப்பை எடுப்பாங்க. கால்ல போட்டிருக்கிற ஷூவை மட்டும் யாரும் கழட்ட மாட்டாங்க."

மூக்கைப் பொத்துவது தவறா? மூக்குக்கு நீதி தெரியாது; அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்த எரிச்சல் மூக்கோடு நிற்பதில்லை. தோலைத் தொட்டு வேலை செய்தவனை நம் நாட்டில் எவ்வளவு தூரத்தில் நிறுத்தினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். செருப்பு வேண்டும், தைத்தவன் வேண்டாம் என்பதற்கு நெடி ஒரு சாக்கு. பஸ்ஸில் கர்ச்சீப்பை எடுக்கிறவர் அந்தப் பழைய தூரத்தையும் சேர்த்து எடுக்கிறாரோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும். 'இந்த ஜனங்க எப்படித்தான் இருக்காங்களோ' என்று ஓர் அம்மாள் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். நெடியைப் பற்றிய பேச்சு அங்கே ஜனங்களைப் பற்றிய பேச்சாகிவிட்டது.

இத்தோடு நிறுத்தினால் நான் எரிச்சலுக்கு எதிரி என்று ஆகும். அப்படியும் இல்லை. நண்பருக்கு அந்த நெடி தெரிவதே இல்லை. நாற்பது வருஷப் பழக்கம். தெரியாமல் போனதைப் பொறுமை என்று பாராட்டலாமா? ஊரெல்லாம் இப்படிப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பாயிற்று; பாலாற்றங்கரை வயல்கள் கெட்டன. பழகிக்கொள்ள மறுத்த சிலர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. டேனரிகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதை அது எடுத்துக்காட்டியது. கெடுத்தவர்தான் ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டில் சட்டமாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பால்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. அப்படியும் கதை முடியவில்லை. 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடிவதற்கு முன், ராணிப்பேட்டை சிப்காட்டில் இருந்த ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். 2025 ஜனவரி 30-ஆம் தேதி, பாலாற்றை மாசுபடுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

பஸ்ஸில் மூக்கைப் பொத்தியவரும் வழக்குப் போட்டவரும் முகர்ந்தது ஒரே காற்றைத்தான். ஒருவர் ஜன்னலைச் சாத்தினார். மற்றவர் இது எங்கேயிருந்து வருகிறது, யாரைக் கெடுக்கிறது என்று கேட்டார். எரிச்சல் வருவது நம் கையில் இல்லை. வந்த பிறகு கேட்கிற கேள்வி நம்முடையது என்று நினைக்கிறேன். ஆனால் எல்லா எரிச்சலுக்கும் இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மனிதனால் முடியுமா என்றால், முடியாது. கல்யாணப் பத்திரிகையில் ஒற்று விடுபட்டால் எனக்கு இன்னமும் பேனாவை எடுக்கத்தான் தோன்றுகிறது.

போன மழைக்காலத்தில் நண்பர் வீட்டில் இருந்தேன். பெங்களூரில் படிக்கிற பேரன் லீவுக்கு வந்திருந்தான். வாசலில் பையை வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டான். தாத்தா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"எனக்குத் தெரியலைடா. காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாரு" என்றார்.

இருவரும் தெருக்கோடி வரையில் நடந்து போனார்கள்.