ஆழித்தேரின் பிரேக்

திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீப்பிடித்து எரிந்தது. புது மரம் கொண்டுவந்து புதிதாகச் செய்தார்கள். பல ஆண்டுகள் கழித்துத் திருச்சி பெல் நிறுவனத்தின் துணையோடு அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். அதற்குமுன் அந்த மலை போன்ற தேரை நிறுத்தியது முட்டுக்கட்டை மட்டும்தான். உருண்டு வரும் சக்கரத்தின் வாய்க்கு நேரே குனிந்து, கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கணம் பிந்தினால் கை போய்விடும். இன்று மரம் வேறு, சக்கரம் வேறு, நிறுத்தும் முறையும் வேறு. ஆனாலும் வடம் பிடிக்க வருகிற எவரும் இது ஆழித்தேர்தானா என்று ஐயப்படுவதில்லை. கிள்ளானில் ஏதோ ஒரு தாமானில், டெரஸ் வீட்டின் முகப்பில், பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அந்த ஐயம் வந்துவிடுகிறது. இதை மாற்றினால் அசல் போய்விடுமே என்று, உள்ளே அழுகிய பிரேக் குழாயையும் நாற்பது வயது டயரையும் சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அசல் எது என்ற கேள்வியை அவர்கள் தவறான இடத்தில் வைத்துக் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம். உயிரைக் காக்கத் தவறும் புதுப்பிப்பு, பழமைக்கும் உண்மையாக இருப்பதில்லை.

ஒரு பொருள் அதே பொருளாக நீடிக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? மிலிந்த மன்னருக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டித்தான் இதை விளக்கினார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் தேர் இல்லை, அவற்றைக் குவித்து வைத்தாலும் தேர் ஆகாது. உறுப்புகள் ஒரு முறையில் கூடி நிற்கும்போது நாம் வழங்கும் பெயர்தான் தேர் என்றார். அவர் அதிலிருந்து மனிதனுக்கும் நிலையான ஆன்மா இல்லை என்ற முடிவுக்குப் போனார். சைவ சித்தாந்தம் அதை ஏற்கவில்லை. சிவஞான சித்தியாரின் பரபக்கம் பௌத்தரோடு விரிவாகவே வாதாடுகிறது. ஆனால் அந்தப் பிணக்கு உயிரைப் பற்றியது. தேரைப் பற்றியோ காரைப் பற்றியோ இரு தரப்புக்கும் சண்டை இல்லை. இரும்புக்கு ஆன்மா உண்டு என்று சித்தாந்தியும் சொல்ல மாட்டார். ஆகவே காரின் 'தான்' என்பது ஏதோ ஒரு போல்ட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில் பயனில்லை. அந்தப் போல்ட் கழன்றால் காரின் உயிர் கழன்றது என்று அஞ்சவும் வேண்டாம்.

கோயில்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் 1873-இல் தோன்றியது. முதலில் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்தது. 1885-இல் இன்றைய இடத்துக்கு வந்தது. அத்தாப்புக் கூரை போய் 1887-இல் செங்கல் கட்டடம் வந்தது. அதுவும் இடிக்கப்பட்டு, இப்போது நிற்கும் கோயில் 1968-இல் எழுந்தது. இடம், பொருள், வடிவம் எல்லாமே மாறிவிட்டன. ஆனால் தைப்பூசத்துக்குப் பத்துமலை நோக்கித் தேர் புறப்படுவது அதே கோயிலிலிருந்துதான் என்பதில் மலேசியத் தமிழருக்கு இரண்டாம் கருத்து இல்லை. வழிபாடு அறுபடாமல் கை மாறி வந்தது. அந்தத் தொடர்ச்சிதான் கோயிலை அதே கோயிலாக வைத்திருக்கிறது. 1896-இல் தொடங்கிய கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கும் இதுவே பொருந்தும். திருப்பணி என்ற சொல்லுக்குள்ளேயே இந்தப் புரிதல் இருக்கிறது. பழுதானதை மாற்றுவதும் பணிதான், அதுவும் திருவோடு சேர்ந்த பணி.

கார்களின் உலகத்தில் இதே வழக்கு ஒருமுறை நீதிமன்றப் படியே ஏறியிருக்கிறது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி 1929, 1930 என இரண்டு ஆண்டும் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. பின்னர் சேசிஸ், எஞ்சின், பாடி என ஒவ்வொன்றாக மாறியது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அது தடத்தைவிட்டுப் பறந்ததில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார், மறுபடி கட்டினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சுமார் 1 கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்தவர்கள், 1929-இன் கார் இதில் துணுக்குகளாகத்தான் இருக்கிறது, இது அதுவே இல்லை என்று பின்வாங்கப் பார்த்தார்கள். 1990-இல் லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். அது முழுக்க அசல் உறுப்புகளால் ஆனது என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு மாற்றமும் அந்தக் காரின் வாழ்நாளுக்குள்ளேயே, ஒன்றன்பின் ஒன்றாக, மறைக்காமல் நடந்தது. வரலாறு எங்கும் அறுபடவில்லை. ஆகவே அந்தப் பெயர் அதற்கே உரியது என்பது தீர்ப்பின் சாரம். நாகசேனருக்கு இந்தத் தீர்ப்பு வியப்பாக இருந்திருக்காது.

இனி கிள்ளான் வீட்டு முகப்புக்கு வருவோம். அங்கே நிற்பது ஓர் எம்ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான கார் அது. இரண்டு இருக்கை, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், தரையோடு தரையாக ஓடும் உடல். அந்தக் காலத்து எம்ஜிபி பலவற்றில் பிரேக் ஒரே சுற்றாக ஓடுகிறது. எங்கே ஓர் இடத்தில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. பிரேக் திரவத்துக்குக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு; ஆண்டு முழுதும் புழுங்கும் நம் துறைமுகப் பட்டினத்தில் அது இன்னும் விரைவாகக் கெடும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும், சூட்டில் ஆவிக் குமிழ் உண்டாகும், மிதித்த கால் பலகைவரை போய்விடும். அந்தக் காரின் ரப்பர் பிரேக் குழாய் ஒன்றைக் கழற்றிக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும். வெளியே மினுமினுப்பான கறுப்பு. உள்ளே சுவர் வீங்கி, துளை குண்டூசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். மிதிக்கும் விசையில் திரவம் அதன் வழியே போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. ஒரு சக்கரம் பிடித்தபடியே நிற்கும், கார் ஒரு பக்கமாக இழுக்கும். இதை அசல் என்று வைத்திருப்பதில் எந்தப் பொருளும் இல்லை. ஆபிங்டனில் பொருத்திய நாளில் அந்தக் குழாய் இப்படி இருக்கவில்லை. நிறுத்துவது அதன் தொழில். தொழில் போன பிறகு மிஞ்சியது வெறும் ரப்பர்.

ஓட்டும்போது வரும் ஆபத்தைவிட வேலை செய்யும்போது வருவது நெருக்கமானது. நம் டெரஸ் வீடுகளின் முகப்பில் தரை வழவழப்பான டைல்ஸ், மழைநீர் வடிய வாசலை நோக்கிச் சற்றே சரிவு. அந்தச் சரிவில் ஜாக் மட்டும் வைத்துக் காரைத் தூக்கி அடியில் படுப்பவர், ஆழித்தேரின் சக்கரத்துக்கு முன் குனிந்தவரைவிடத் துணிந்த காரியம் செய்கிறார். தூக்குவதற்குத்தான் ஜாக், தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் காயுமுன் வெல்டிங் பொறி பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு பிறக்கும். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது. டேங்கைக் கழற்றும்போது அது மேலே எழாது. தரையோடு ஊர்ந்து, சரிவில் இறங்கி, பக்கத்து வீட்டு முகப்பு வரை போகும். மாலை ஆறரை மணிக்கு நம் வீட்டில் சாமி விளக்கு ஏற்றுவார்கள். பக்கத்துச் சீனக் குடும்பத்தார் வாசலில் உள்ள சிவப்புத் தெய்வ மேடையில் ஊதுபத்தி கொளுத்துவார்கள். இரண்டு வீட்டுப் பக்தியும் அந்த ஆவிக்கு நெருப்பு வைக்கப் போதும்.

இங்கே முதல் எதிர்வாதம் எழும். என் கார், என் உடம்பு, என் ஆபத்து. அந்தத் துணிச்சலில்தான் ஸ்போர்ட்ஸ் காரின் அழகே இருக்கிறது என்பார்கள். ஆபத்தை ஏற்பதில் ஒரு கண்ணியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அலகு குத்திக் காவடி எடுப்பவர் விரதமிருந்து, அறிந்து, தன் உடம்பை மட்டும் அதற்குக் கொடுக்கிறார். பிரேக் இல்லாத காரைக் கூட்டரசு நெடுஞ்சாலையில் இறக்குபவர், முன்னால் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரின் உடம்பையும் அவரைக் கேட்காமலே காணிக்கை வைக்கிறார். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். இழுத்தவர்களின் பக்தியில் குறை சொல்ல என்ன இருக்கிறது? கம்பிக்குப் பக்தி தெரியாது. புதுக் காடி வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அந்தப் பூசையில் நாம் கேட்பதே உயிர்ப் பாதுகாப்பைத்தான். கேட்டுவிட்டுத் தேய்ந்த டயரோடு வீடு திரும்புவது, கேட்டது நம் வாயளவில்தான் என்று ஒப்புக்கொள்வதாகும். உடம்பைக் கோயிலாகக் கண்ட திருமூலரின் வழியில் வந்தவர்களுக்கு, காரைக் காக்க உடம்பைப் பணயம் வைப்பது தலைகீழ்க் கணக்கு.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. கோயிலோடு காரை ஒப்பிடக் கூடாது. கோயில் திருப்பணிகளே எத்தனையோ பழமையை அழித்திருக்கின்றனவே என்பார்கள். உண்மை. தமிழ்நாட்டில் கற்கோயில்களைச் சுத்தப்படுத்துகிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்ததில் சிற்பங்களின் கூர்மை மழுங்கியது, கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தன. கடும் எதிர்ப்புக்குப் பிறகே அது தடைசெய்யப்பட்டது. அதே மணல்வீச்சைக் காரின் மெல்லிய தகட்டில் அளவின்றிப் பாய்ச்சினால் தகடு நெளியும். உலர்மணல் தூசி அடிப்பவரின் நுரையீரலையும் கெடுக்கும். ஆக, பொருளுக்கு மதிப்பே இல்லை என்று நாகசேனரைக் காட்டி யாரும் தப்பிக்க முடியாது. பொருள் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை அழிப்பதும் ஒரு குற்றம்தான். ஆனால் எல்லாப் பாகமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பிரேக், ஸ்டியரிங் மூட்டுகள், டயர், பெட்ரோல் குழாய், சீட் பெல்ட் எல்லாம் உயிரைச் சுமக்கின்றன. டேஷ்போர்டின் சுருக்கம், வெளிறிய தோல் இருக்கை, யாரோ தொழிற்சாலையில் அடித்த சாயம் எல்லாம் நினைவைச் சுமக்கின்றன. முன்னதில் தயங்காமல் புதியதைப் போட வேண்டும். பின்னதில் கை வைக்க எவ்வளவு தயங்கினாலும் தகும். நம் வீடுகளில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. சாயம் பளபளவென்று புதிதாக இருக்கும், அடியில் குழாய் பழையதாகவே தொங்கும்.

இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் பாகமும் உண்டு, சிக்கலே அங்கேதான். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. துருப்பிடித்ததும் சிலர் பட்டி பூசி மேலே சாயம் அடித்துவிடுகிறார்கள்; பார்வைக்கு அசல், மோதினால் அட்டைப்பெட்டி. சிலர் கதவுவாயில் குறுக்குக் கம்பி வைத்துப் பிணைக்காமலே சில்லை வெட்டுகிறார்கள். வெட்டிய மறுகணம் கார் நடுவில் தொய்யும், கதவின் இடைவெளி ஒடுங்கும், அதன்பின் அந்தக் கதவு ஒழுங்காக மூடாது. திருப்பணியில் கல்லைத் தொடுமுன் பாலாலயம் செய்து மூர்த்தியின் ஆற்றலை வேறிடத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். காரில் அப்படி எழுந்தருளுவது எதுவும் இல்லைதான். அந்த வேறுபாட்டை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடுமுன் தாங்கு, தொடுமுன் பிரித்து வை என்ற ஒழுங்கை அங்கிருந்து கற்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், டேங்கை வெறுமையாக்கி அப்புறப்படுத்துவதும், கதவுவாயில் கம்பி வைப்பதும் அந்த ஒழுங்கின் வடிவங்களே.

அப்படியானால் எங்கே நிறுத்துவது? எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அதே கார் என்று சொன்னால் போலிக்கும் அசலுக்கும் என்ன வேறுபாடு? ஓல்டு நம்பர் ஒன் வழக்கின் விடையே இதற்கும் விடை: தொடர்ச்சி, ஒளிவின்மை. நொறுங்கிப்போன வேறொரு காரின் சேசிஸ் எண்ணை வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு உறுப்பும் அந்தக் காலத்ததாகவே இருந்தாலும் அது பொய். பெயர் மாற்றும்போது நடக்கும் வாகனச் சோதனையிலும் அந்த எண்ணைப் பார்க்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவாவின் டுரின் சாசனமும் மாற்றத்தை ஒரேயடியாகத் தடுக்கவில்லை. தவிர்க்க முடியாத மாற்றம் அமைப்பையும் தோற்றத்தையும் இயன்றவரை குறைவாகத் தொட வேண்டும், மறுபடி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், எடுத்த முக்கியமான பாகங்களைக் காரோடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. இதற்குப் பெரிய பட்டறை தேவையில்லை. ஒரு மரப்பெட்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வெட்டியெடுத்த சில்லில் நல்ல துண்டு ஒன்று, பழைய பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீங்கிய அந்த ரப்பர் குழாய் ஆகியவற்றைத் துடைத்து, எண்ணெய் தடவி, சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைக்கலாம். சீட்டில் தேதி, எந்தப் பக்கம், ஏன் எடுத்தோம், பதிலுக்கு என்ன போட்டோம் என்று எழுதலாம். காரை வாங்கப்போகும் அடுத்தவருக்குச் சாவியோடு அந்தப் பெட்டியும் போக வேண்டும்.