யாருடைய ஓய்வு?

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல். பணக்காரப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று செல்லம் கொடுக்கும் வீட்டில் பிரதாபன் வளர்கிறான். அவன் படிக்காததற்கு, உடன்படிக்கும் ஏழைப் பையன் அடி வாங்குகிறான். சோம்பலின் விலையை இன்னொரு உடல் கொடுப்பதை வேதநாயகம் வேடிக்கையாகச் சொல்லிவிடுகிறார்.

நாயகி ஞானாம்பாள் படித்தவள். ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்கிறாள். நமக்கு அவளைப் பிடிக்கும். அவள் படித்த நேரத்தில் அந்த வீட்டு அடுப்பை ஊதியது யார்? பல வருடம் நான் அதைக் கேட்டதில்லை.

மேற்குத் தாம்பரத்தில் இதை எழுதும்போது, பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கிறது. வேலைக்கு வரும் அக்கா போன வாரம், “ஞாயித்துக்கிழமை லீவு குடும்மா, சம்பளத்துல பிடிக்காத” என்றார். “யோசிச்சுச் சொல்றேன்க்கா” என்றேன். என் வார விடுமுறைக்காக நான் யாரிடமும் கேட்டு நின்றதில்லை.

பெண்ணுக்கு ஓய்வு வேண்டும், அதில் குற்றமில்லை. ஆனால் என் ஓய்வு அவர் முதுகில் ஏறுகிறதென்றால், வீட்டில் வேலை செய்யாத ஆண்களை நான் இன்னும் தொடவேயில்லை என்று பொருள். அக்காவிடம் இன்று சரி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் எங்கள் வீட்டுப் பிரதாபர்களுக்கு.